கூடப் போனவள்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், செல்போன் கடைக்கு மேல் மாடியில், பிரவீணா பதினோரு வருஷமாக பியூட்டி பார்லர் நடத்திவந்தாள். திருமானூரில் பிறந்து, திருச்சியில் ஆறு மாதம் தொழில் படித்து, கல்யாணமாகிப் பெரம்பலூருக்கு வந்தவள். நிதானமான கைக்காரி என்று பேர். தலைச்சாயம் போட வரும் பெண்களுக்கு முதல் நாளே காதுக்குப் பின்னால் ஒரு சொட்டுத் தடவி அனுப்பிவிடுவாள். மறுநாள் அரிப்பில்லை, தடிப்பில்லை என்று பார்த்த பிறகுதான் தலையில் கை வைப்பாள். சாயங்காலம் ரிசப்ஷனுக்குப் போக வேண்டும் என்று எவ்வளவு பெரிய இடத்துப் பெண் வந்து கெஞ்சினாலும் அந்த ஒரு நாளை அவள் விட்டுக்கொடுத்ததில்லை.

அவளுக்கும் ஒரு குறை இருந்தது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்துவிட்டது. காலையில் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அரை மணி நேரம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கிரீமும் பவுடருமாகப் பூசி அதை மூடுவாள். ஊரார் முகத்துக்கு வழி சொல்கிறவளின் முகமே இப்படி இருந்தால் யார் மாடி ஏறி வருவார்கள் என்பது அவள் கவலை. வெயிலில் வியர்த்து மேல்பூச்சு கலைந்துவிடுமோ என்று மத்தியானத்தில் கடையை விட்டு இறங்கவே மாட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பிரசாத் வந்தான். திருச்சியில் டிராவல்ஸ் வைத்திருப்பவன். பாங்காக்கில் ஒரு ஸ்கின் கிளினிக்கோடு தனக்குத் தொடர்பு இருக்கிறது, திருச்சியிலேயே விமானம் ஏறினால் சில மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடலாம், நாலே நாளில் முகத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பலாம் என்றான். பணம் கட்டிச் செய்துகொள்ள அவள் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தால் போதும். அவளுடைய டிக்கெட், தங்கும் இடம், அவள் முகத்துக்கு லேசர், எல்லாமே இலவசம். சொல்லிக்கொண்டே அவன் அவள் கன்னத்தைப் பார்த்தான். அவ்வளவு கிரீமுக்கு அடியிலும் அவனுக்குத் தெரிந்துவிட்டதே என்று பிரவீணாவுக்கு வெட்கமாக இருந்தது.

சத்யப்பிரியா அவளிடம் ஆறேழு வருஷமாகப் புருவம் திருத்த வருகிறவள். எறையூர்ப் பெண். அப்பா அரியமுத்து அங்கே சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். சத்யா பெரம்பலூரில் ஒரு போட்டித் தேர்வு மையத்தில் புவியியல் நடத்தினாள். அவள் பருவக்காற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும் என்பார்கள். பதினாறு வயசில் வந்த பரு அவள் இரண்டு கன்னத்தையும் குழிகுழியாக்கிவிட்டுப் போயிருந்தது. வகுப்பறையில் அது ஒரு பொருட்டாக இருந்ததில்லை. மையத்தை நடத்திய பாலசுந்தரம் யூடியூபில் பாடங்களைப் போட ஆரம்பித்த பிறகுதான் வினை வந்தது. ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் பாடத்தைப் பற்றி நாலு பேர் எழுதினால் முகத்தைப் பற்றி நாற்பது பேர் எழுதினார்கள். ஒருவன் நிலவின் மேற்பரப்புப் படத்தை எடுத்துப் போட்டு, மேடம் இன்றைக்கு இதைப் பற்றிப் பாடம் எடுப்பார்களா என்று கேட்டிருந்தான்.

பாலசுந்தரம் கடிந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுஷர். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி வரவழைத்துக் கொடுத்து, இனிமேல் குறிப்புகளை அவள் எழுதித் தரட்டும், கேமரா முன்னால் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் வாசிக்கட்டும் என்றார். அந்தப் பெண் அப்படியே வாசித்தாள். எங்கே நிறுத்துவது, எதை அழுத்துவது என்று தெரியாமல் கடல் நீரோட்டங்களை மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி வாசித்தாள். கீழே சூப்பர் மேடம் என்று நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தது.

அன்றைக்கு பார்லருக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தவளின் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தபடி இருந்தது. நூல் இழுக்கிற வலி என்று முதலில் நினைத்த பிரவீணா, விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பாங்காக்கைப் பற்றிச் சொன்னாள். அப்போது அவள் மனசில் கள்ளம் எதுவும் இல்லை. இவளுக்கும் ஆகட்டும், நமக்கும் ஆகட்டும் என்றுதான் நினைத்தாள்.

சத்யா உடனே சரியென்று சொல்லிவிடவில்லை. பெரம்பலூரில் ஒரு தோல் டாக்டரம்மாவை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். கறுத்த தோலுக்கு லேசர் வைத்தால் மெதுவாகத்தான் போக வேண்டும், ஆறேழு தடவை வர வேண்டும், ஒன்றரை வருஷம் பிடிக்கும், அப்படியும் குழி பாதிதான் குறையும் என்று அந்தம்மா சொல்லியிருந்தார். ஒன்றரை வருஷம் காத்திருந்தால் வாசிக்கிற பெண்ணே மையத்துக்கு முகமாகிவிடுவாள் என்பது சத்யாவின் தவிப்பு. ஆனாலும் அவள் வாத்தியார். இரண்டு நாள் கழித்து ஒரு காகிதத்தோடு வந்தாள். அதில் அஞ்சு கேள்விகள் எழுதியிருந்தாள். டாக்டர் பேர் என்ன, என்ன படித்தவர். லேசரை அவரே பிடிப்பாரா, வேறு யாராவது பிடிப்பார்களா. நம் நிறத்து ஆளுக்குச் செய்து பழக்கம் உண்டா, அப்படிச் செய்துகொண்ட ஒருவரோடு போனில் பேச முடியுமா. முதலில் காதோரமாகச் சின்ன இடத்தில் வைத்துப் பார்ப்பார்களா. ஊருக்குத் திரும்பிய பிறகு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு.

"நீங்க கேட்டுச் சொல்லுங்கக்கா. என்கிட்டன்னா அந்த ஆளு வியாபாரம் பேசுவாரு. நீங்க தொழில் தெரிஞ்சவங்க, உங்ககிட்ட பொய் சொல்ல முடியாது."

பிரவீணா அன்று மத்தியானமே பிரசாத்தைக் கூப்பிட்டாள். முதல் கேள்வியைத்தான் கேட்டாள். அவன் சிரித்தான். அங்கே நாற்பது டாக்டர்கள் இருக்கிறார்கள், அன்றைக்கு யார் முறையோ அவர் வருவார், பேரை எப்படி முன்கூட்டிச் சொல்வது என்றான். வெள்ளிக்கிழமைக்குள் பாஸ்போர்ட் நகல் வரவில்லையென்றால் வேறு இடத்தில் ஆள் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னான். அப்புறம் இருபது படங்கள் அனுப்பினான். சிகிச்சைக்கு முன்னும் பின்னுமாக இருபது முகங்கள். இருபதும் கோதுமை மாவு நிறத்தில் இருந்தன. பிரவீணா அதைக் கவனிக்காமல் இல்லை. மிச்சம் நாலு கேள்விகளையும் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பதிலைச் சொன்னால் சத்யா வரமாட்டாள். சத்யா வராவிட்டால் இவளும் போக முடியாது.

மறுநாள் சத்யாவிடம், எல்லாவற்றையும் கேட்டாகிவிட்டது, எல்லாவற்றுக்கும் சரியென்றுவிட்டார்கள் என்றாள். பதினஞ்சு வருஷ அனுபவமுள்ள டாக்டர் என்றும் சேர்த்துக்கொண்டாள். அந்தப் பதினஞ்சு அவளாகச் சொன்னது.

திருச்சி விமான நிலையத்துக்கு சத்யாவின் அம்மா ஆண்டாயியும் வந்திருந்தாள். உள்ளே போகும்போது பிரவீணாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கூடப் போறங்குற தைரியத்துலதாம்மா அனுப்புறேன்" என்றாள்.

கிளினிக் ஒரு பெரிய மாலின் ஆறாவது மாடியில் இருந்தது. கீழே துணிக்கடை, மேலே சாப்பாட்டுக் கடைகள். உள்ளே ஒரே வெள்ளை, நல்ல வாசனை, மெல்லிய பாட்டு. டாக்டர் என்று ஓர் இளைஞன் வந்து சத்யாவின் கன்னத்தை விளக்கு வைத்து ஒரு நிமிஷம் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனான். தாய்லாந்து மொழியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த மூன்று தாளில் கையெழுத்து வாங்கினார்கள். சத்யா ஆங்கிலத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த தாளைத் திருப்பிக் காட்டினார்கள். முகத்தில் மரத்துப்போகும் கிரீமைத் தடவி முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார்கள். பிரவீணா துணைக்கு என்று உள்ளே விடப்பட்டாள்.

அப்புறம் இளஞ்சிவப்புச் சீருடை போட்ட ஒரு சின்னப் பெண் வந்து இயந்திரத்தைத் திருகினாள். இருபத்திரண்டு வயசு இருக்கலாம். சத்யா படுத்தபடியே தலையைத் தூக்கினாள்.

"அக்கா, இந்தப் பொண்ணா பண்ணப்போவுது? டாக்டர் வரலையா?"

பிரவீணா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் டாக்டர் என்று கேட்டாள். அந்தப் பெண் புன்னகைத்துத் தலையாட்டினாள், ஆமாம் என்றும் இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம் போல. பிரவீணா டெஸ்ட் என்று கேட்டு, தன் காதுக்குப் பின்னால் விரலை வைத்துக் காட்டினாள். அந்தப் பெண் கடிகாரத்தைக் காட்டினாள். பக்கத்தில் இருந்த இன்னொருத்தி, ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு நேரமில்லை, அதனால் ஒரே தடவையில் பலமாக வைத்துவிடுவோம், நல்லது நல்லது என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள். பிரவீணாவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

சத்யாவின் கண்ணுக்கு அதற்குள் கறுப்பு மூடி போட்டுவிட்டார்கள். "என்னக்கா சொல்றாங்க?"

"ஒண்ணும் ஆவாது சத்யா. அசையாம படு."

அரை மணி நேரத்தில் முடிந்தது. அறையில் மயிர் பொசுங்குகிற மாதிரி ஒரு வாடை வந்தது. சத்யா படுக்கை விரிப்பைக் கொத்தாகப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தாள், ஆனால் சத்தம் போடவில்லை. முடிந்ததும் அந்தச் சின்னப் பெண் பிரவீணாவைப் பார்த்து, அடுத்து நீங்கள் என்று கையைக் காட்டினாள்.

பிரவீணா நெற்றியைப் பிடித்துக்கொண்டு தலைவலி என்றாள். மாத்திரை கொடுத்தார்கள். மறுநாள் வரச்சொல்லிப் போன் வந்தபோது காய்ச்சல் என்றாள். இரண்டு நாளும் ஓட்டல் அறையில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். சத்யா சிவந்து வீங்கிய முகத்தில் ஒரு கையால் ஐஸ் பையை ஒற்றிக்கொண்டு, மறு கையால் கெட்டிலில் வெந்நீர் வைத்து இவளுக்குத் தேயிலைத் தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். ஆசையாக வந்து பண்ணிக்கொள்ள முடியாமல் போய்விட்டதே என்று வருத்தப்பட்டாள்.

திரும்பி வரும்போது விமானத்திலேயே கொப்புளங்கள் எழும்பின. ஊர் வந்து பத்தாவது நாள் பொருக்கு உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில், லேசர் முனை பதிந்த இடமெல்லாம், கறுப்புக் கட்டங்கள் வரிசை வரிசையாக நின்றன. கண்ணுக்குக் கீழிருந்து தாடைவரை கட்டம் போட்ட லுங்கித் துணியை ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. பழைய குழிகளும் அப்படியே இருந்தன. சத்யா கிளினிக்குக்குப் படம் அனுப்பினாள். இது இயல்புதான், சன்ஸ்கிரீன் போடுங்கள், மறுபடி வந்தால் தள்ளுபடியில் சரிசெய்து தருகிறோம் என்று பதில் வந்தது, கூடவே ஒரு பூச்செண்டுப் படம். பிரவீணா நாலு தடவை கூப்பிட்ட பிறகுதான் பிரசாத் போனை எடுத்தான். அந்த மேடம் வெயிலில் போயிருப்பார்கள் என்றான்.

அதே பெரம்பலூர் டாக்டரம்மாவிடம் பிரவீணா சத்யாவைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தம்மா திட்டவில்லை. என்ன இயந்திரம், எவ்வளவு பலத்தில் வைத்தார்கள் என்பதற்கு ஏதாவது தாள் இருக்கிறதா என்று கேட்டார். கிளினிக்கில் கொடுத்தனுப்பிய தாள்களில் பில்லைத் தவிர மற்றதெல்லாம் தாய்லாந்து எழுத்து. எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரிந்தால் சுலபம், இப்போது கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் பார்க்கிற மாதிரிதான் என்றார். ஒரு வருஷம் ஆகலாம், இரண்டும் ஆகலாம், கொஞ்சம் தங்கியும் போகலாம் என்றார். பிறகு கேட்டார்.

"மொதல்ல சின்னதா ஒரு எடத்துல வச்சுப் பாத்தாங்களா?"

"இல்ல டாக்டர்."

"போறதுக்கு முன்னாடி இதெல்லாம் கேட்டுக்கலையா?"

"அக்கா கேட்டாங்க டாக்டர். எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிட்டு அங்க போனதும் மாத்திட்டாங்க."

டாக்டரம்மா பிரவீணாவின் பக்கம் திரும்பினார். அவளும் செய்துகொண்டாளா என்று கேட்டார். அவளுக்குத் தலைவலி வந்துவிட்டது என்று அதற்கும் சத்யாவே பதில் சொன்னாள். டாக்டரம்மா பிரவீணாவின் கன்னத்தை, அதன் மேல் பூசியிருந்ததைத் தாண்டி, சற்று நேரம் பார்த்தார். பிறகு மருந்து எழுத ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு சத்யா வெளியில் வரவில்லை. மையத்துக்கு வேண்டிய குறிப்புகளை வீட்டிலிருந்தே எழுதி அனுப்பினாள். ஒரு செவ்வாய்க்கிழமை ஆண்டாயி மாடி ஏறி வந்தாள். பார்லரில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் போகும்வரை நின்றுகொண்டே இருந்தாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கண்ணாடியெல்லாம் எடுத்து பீரோவுக்குள்ள வச்சுட்டுதும்மா. அவங்கப்பா செரைக்கக்கூட வெளிய போறாரு. உன்னக் கேக்கணும்னுதான் வந்தேன். அவ படுத்திருந்தப்ப நீ பக்கத்துலயேதான இருந்த? பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"பாத்துக்கிட்டுத்தாம்மா இருந்தேன்" என்றாள் பிரவீணா.

ஆண்டாயி தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். கோபமாகக் கேட்டிருந்தால் பிரவீணா ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் அந்த அம்மா கேட்டிருந்தாள்.  அந்த வாரம் பிரவீணா ஒருத்தியின் புருவத்தை ஏற்றமிறக்கமாக எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எறையூருக்கு பஸ் ஏறினாள். அரவை நடக்கிற பருவம். ஊருக்குள் நுழையும்போதே பாகு வாடை தொண்டையைப் பிடித்தது, சாலையில் கரும்பு வண்டிகள் வரிசையாக நின்றன. சத்யா உள் அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு விளக்கைப் போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். பிரவீணா உட்கார்ந்ததும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள், நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று தெரிந்து. அஞ்சு கேள்வியில் நாலைக் கேட்கவே இல்லை என்பதை. பதினஞ்சு வருஷம் என்பது தன் கற்பனை என்பதை. பலமாக வைக்கப்போகிறோம் என்று அவர்கள் சொன்னது புரிந்தும் சொல்லவில்லை என்பதை. தலைவலி வரவில்லை என்பதை.

சத்யா பேனாவை மூடினாள். 

"தலவலி பொய்யின்னு எனக்கு ரூம்லயே தெரியும். என் மொகத்தப் பாத்து பயந்துட்டீங்கன்னு நெனச்சேன். பயந்தா தப்பில்லையே. கேள்வி கேட்டேன்னு சொன்னீங்கல்ல, அத நம்புனேன். அது பொய்யா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

பிரவீணா அழுதாள். சத்யாவுக்குக் கண் கலங்கவில்லை.

"அந்த அஞ்சு கேள்விய நானே கேட்டிருக்கலாம். பத்து நிமிஷ வேல. இருநூறு பேருக்கு முன்னாடி பேசுறவளுக்கு ஒரு போன் பண்ணத் தெரியாதா? இல்லைன்னு சொல்லிட்டா போவ முடியாதேன்னு பயம். அதான் உங்ககிட்ட தள்ளிவிட்டேன். அதையும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்." எழுதிய தாள்களை ஒன்றாக அடுக்கினாள். "அதுக்காக உங்கமேல கோவமில்லன்னு நெனச்சுக்காதீங்க. இனிமே இங்க வராதீங்க."

ஆண்டாயி காபியோடு வந்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. பிரவீணா அந்தக் காபியைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள், குடிக்காமல் எழுந்தால் அந்த அம்மா என்ன ஏது என்று கேட்பாளே என்று.

இரண்டு மாதம் போயிற்று. பிரசாத் இப்போது அரியலூரில் வேணி என்பவளின் பார்லரைப் பிடித்திருக்கிறான், மூன்று பெண்கள் பாங்காக் கிளம்புகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு அரியலூருக்குப் போனாள். வேணியை அவளுக்கு முன்பின் தெரியாது. ஒரே தொழில் என்று சொல்லிக்கொண்டதும் வேணி நாற்காலி போட்டாள். ஃபேஷியல் போட்டுக்கொண்டு ஒரு பெண் படுத்திருந்தாள், போகப்போகிற மூவரில் அவளும் ஒருத்தி.

பிரவீணா சத்யாவின் பேரைச் சொல்லாமல் நடந்ததைச் சொன்னாள். வேணி பொறுமையாகக் கேட்டாள். ஒருத்தருக்கு ஆகவில்லை என்றால் எல்லோருக்கும் ஆகாமல் போய்விடுமா என்றாள். தனக்கு வந்த வாய்ப்பு முடிந்ததும் அடுத்தவளுக்குக் கிடைக்கிறதே என்று வயிறெரிகிறவர்களையும் தொழிலில் பார்த்திருக்கிறேன் என்றாள், சிரித்துக்கொண்டே.

"நான் லேசருக்குப் படுக்கலைங்க" என்றாள் பிரவீணா. "சும்மாவே பண்ணித் தரேன்னாங்க. அங்க நடந்தத பாத்துட்டு நான் படுக்கல. அதுக்கு மேல என்ன சொல்லணும்?"

படுத்திருந்தவள் கண்மேல் வைத்திருந்த பஞ்சை எடுத்துவிட்டுப் பார்த்தாள். வேணியின் சிரிப்பு நின்றது.

"கூட வந்த பொண்ணு படுத்தப்ப சொல்லாதவங்க, முன்னப்பின்ன தெரியாத எங்களுக்குச் சொல்ல வந்திருக்கீங்களா? உங்கள நான் எப்படிங்க நம்புறது?"

 பிரவீணா எழுந்து, அந்தப் பெண் எழுதிக்கொடுத்த அஞ்சு கேள்விகளையாவது கேட்டுவிட்டுப் போங்கள் என்று படுத்திருந்தவளைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினாள். கேட்டார்களா இல்லையா என்பது அவளுக்குத் தெரியவே இல்லை. மூன்று பேரும் போனார்கள். ஒருத்திக்கு நன்றாகவே வந்தது, அவள் பிறவியிலேயே சிவப்பு. அவள் படத்தைப் பெரிதாக அச்சடித்து வேணி கடை வாசலில் மாட்டினாள். இன்னொருத்திக்கு ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவது பெண்ணைப் பற்றிக் கேட்டால் வேணி பேச்சை மாற்றிவிடுகிறாள் என்று சொன்னார்கள். பிரவீணா பொறாமையில் ஊர் ஊராகப் போய்த் தொழிலைக் கெடுக்கிறாள் என்று ஒரு பேச்சு பெரம்பலூர்வரை வந்து, அவளுடைய வாடிக்கையில் நாலைந்து பேர் நின்றுபோனார்கள். பொங்கலுக்கு பிரசாத் வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினான்.

அடுத்த வருஷம் சத்யா பெரம்பலூர் மையத்தை விட்டுவிட்டு அரியலூரில் வேறொன்றில் சேர்ந்தாள். கேமரா இல்லாத இடம், நேரடி வகுப்பு மட்டும். சம்பளம் குறைவு. அவளுடைய குறிப்புகள் பழைய மையத்தின் யூடியூபில் இன்னமும் அந்தப் பெண்ணின் வாயால் ஓடிக்கொண்டிருந்தன.

ஆடி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் புது பஸ் ஸ்டாண்டில் பிரவீணா அவளைப் பார்த்தாள். முகத்தில் துணி சுற்றவில்லை. கட்டங்களில் பாதி வெளிறியிருந்தன, தாடையோரம் இருந்தவை அப்படியே கறுப்பாக நின்றன. இரண்டு பேரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள், ஒதுங்க இடமில்லை.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள் சத்யா, வங்கியில் பார்த்துப் பழகிய ஒருவரைக் கேட்பதுபோல.

இருக்கேன் என்று பிரவீணா சொல்வதற்குள் எறையூர் வழியாகப் போகிற பஸ் வந்துவிட்டது. சத்யா ஏறி, உள்ளே ஜன்னலோரமாக இடம் பிடித்து, பையிலிருந்து விடைத்தாள் கட்டை எடுத்து மடியில் வைத்துத் திருத்த ஆரம்பித்தாள். பஸ் கிளம்ப இன்னும் கால் மணி நேரம் இருந்தது. பிரவீணா அவ்வளவு நேரமும் அங்கேயே நின்றாள். சத்யா தலை நிமிரவில்லை.